மீசைக்கு முந்திய பாடம்



இன்றைய தலைப்பை நான் சொன்னபோது அறக்கட்டளை அமைப்பாளர்களுக்குக் கொஞ்சம் தயக்கம். 'வளரிளம் பருவ நலம்' என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். போட்டிருக்கலாம். ஆனால் அப்படிப் போட்டால் பெண்பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்வார்கள். நான் பேச வந்தது பையன்களைப் பற்றி. ஒன்பது வயது தொடங்கி அவர்கள் உடம்பில் நடப்பதை யார், எப்போது, எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி.

ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், புட்டு என்று சாப்பாடு மாறுகிறது. தாய்மாமன் சீர்வரிசையோடு வருகிறார். மண்டபம் பிடிக்கிறார்கள், ஃப்ளெக்ஸ் பேனர்கூட வைக்கிறார்கள். இந்தச் சடங்கில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சிறுமியின் உடம்பில் நடந்ததை ஊருக்கு அறிவிக்க அவளிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் களேபரத்தின் நடுவே பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ அவளைத் தனியே உட்காரவைத்து, சரியோ தப்போ, ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். 2011இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் அரசே நாப்கின் கொடுக்கிறது. பள்ளிக்குச் செவிலியர் வந்தால் மாணவிகளை ஒரு வகுப்பறையில் உட்காரவைக்கிறார்கள். பையன்களிடம் ஒரு பந்தைக் கொடுத்து மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம் பள்ளிகள் பலவற்றில் பையன்களுக்குக் கிடைக்கும் பருவக் கல்வி அந்தப் பந்துதான்.

பழைய இலக்கியத்திலும் ஏறக்குறைய இதே கதை. உலா நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களையும் வீதிக்குக் கொண்டுவந்து நிறுத்தின. ஆணுக்கும் பருவங்கள் உண்டு என்று பாட்டியல் நூல்கள் பெயர் வைத்ததோடு சரி. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆண் பருவங்களைத் தட்டாமல் வரிசையாகச் சொல்ல இந்த அவையில் எத்தனை பேரால் முடியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'பையன் பெரியவனாகிவிட்டான்' என்று வீட்டில் எப்போது சொல்கிறோம்? குரல் கரகரத்த பிறகு, அல்லது மேலுதட்டில் அரும்பு கட்டிய பிறகு. அப்போதுதான் அப்பா ஒரு ரேசரை வாங்கி வந்து ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைக்கிறார். ஆனால் மீசை கடைசியில் வருகிற விருந்தாளி. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே எல்லாம் தொடங்கிவிட்டிருக்கும்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. குழந்தைப் பருவம் முழுக்க அடங்கியிருந்த அது, ஒரு கட்டத்தில் இரவுத் தூக்கத்தின்போது விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி அனுப்பும் இரண்டு ஹார்மோன்கள் விரைகளை எட்டுகின்றன. விரைகள் மெல்லப் பெரிதாகி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. ஆணின் பருவமடைதலில் முதல் அடையாளம் இந்த விரை வளர்ச்சிதான். அது அம்மா கண்ணுக்குப் படாது, ஆசிரியருக்கும் தெரியாது, பல நேரம் பையனுக்கே தெரியாது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரியா பிராடர் என்ற குழந்தை மருத்துவர் இதை அளக்க ஒரு மணிமாலை செய்தார். ஒரு மில்லிலிட்டரிலிருந்து இருபத்தைந்து மில்லிலிட்டர் வரை, சிறிதும் பெரிதுமாகப் பன்னிரண்டு மணிகள். விரையின் அளவு நான்காம் எண் மணியை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது என்று மருத்துவர்களாகிய நாங்கள் குறித்துக்கொள்வோம். வேடிக்கையாக அந்த மணிமாலையை ஜெபமாலை என்போம்.

இந்தப் பருவ மாற்றங்களின் வரிசையை ஒழுங்காக எழுதிவைத்தவர்கள் இங்கிலாந்தின் மார்ஷலும் டேனரும். 1970இல் வந்த அவர்களுடைய கட்டுரை 228 சிறுவர்களைப் பற்றியது. எல்லோரும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள். வளர வளர அவர்களைப் படமெடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆதரவற்ற பிள்ளைகளின் உடம்பை இப்படிப் படமெடுக்க இன்று எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதி தராது. உலகமெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் அந்தப் பிள்ளைகளிடமிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தச் சிறுவர்களுக்கு முதல் மாற்றம் வந்த சராசரி வயது பதினொன்றரைக்குச் சற்று மேல். உயரம் மிக வேகமாகக் கூடியது பதினான்கு வயதில். 2012இல் அமெரிக்காவில் 4,131 சிறுவர்களைப் பார்த்து எழுதப்பட்ட ஆய்வில் அந்தத் தொடக்கம் ஒன்பது, பத்து வயதுக்கே நெருங்கி வந்திருந்தது. ஊருக்கு ஊர், உணவுக்கு உணவு இந்த வயது மாறும். பொதுவாக, ஒன்பதுக்கும் பதினான்குக்கும் இடையில் எப்போது தொடங்கினாலும் அது இயல்பு. ஒன்பதுக்கு முன்னால் தொடங்கினாலோ பதினான்கு முடிந்தும் ஒன்றுமே தொடங்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போது நம் பாடநூலை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவத்துக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, தேவையான செய்திகள் இருக்கின்றன. ஆனால் எட்டாம் வகுப்புப் பையனுக்கு வயது பதின்மூன்று. அந்தப் பாடமும் புத்தகத்தின் பின்பகுதியில் இருப்பதால் ஆண்டுக் கடைசியில்தான் முறை வருகிறது. பல வகுப்புகளில் "இதை வீட்டுல படிச்சிக்குங்கப்பா" என்பதோடு முடிந்துபோகிறது. பாடம் நடக்கும் நாளில் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அது நேற்றைய செய்தி.

நான் சொல்ல வந்ததே இதுதான். உடம்பு தானே ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் வருவதற்கு ஒரு படி முன்னால் அதைப் பையனிடம் சொல்லிவிட்டால் போதும், வேறு பாடத்திட்டம் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில், கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நிமிடத்தில் கொட்டித் தீர்க்க நினைப்பதால்தான் அப்பாக்களுக்கு வியர்க்கிறது.

ஒன்பது பத்து வயதில் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். உறுப்புகளின் சரியான பெயர்கள்: ஆண்குறி, விரை, விரைப்பை. வீட்டுச் செல்லப்பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் சொல்ல நல்ல பெயரும் தெரிந்திருக்க வேண்டும். விரைகள் பெரிதாகும், ஒன்று மற்றதைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும், பெரும்பாலும் இடது பக்கம். குறி சில வேளை காரணமே இல்லாமல் விறைக்கும், காலையில் எழும்போதும் அப்படி இருக்கலாம். பஸ்ஸிலும் நடக்கும், கணக்கு வகுப்பிலும் நடக்கும். அதற்கும் மனதில் ஓடும் எண்ணத்துக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்பதில்லை, சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும். குளிக்கும்போது முன்தோலை வலிக்காத அளவுக்கு மட்டும் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும். பலவந்தமாக இழுக்கக் கூடாது. அக்குளில் வாடை வரும், தினமும் சோப்புப் போட வேண்டும். இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குள் சொல்லிவிடலாம்.

அடுத்த கட்டம் வளர்த்தி. கையும் காலும்தான் முதலில் நீளும். ஜூனில் வாங்கிய பள்ளி ஷூ டிசம்பரில் கடித்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். பிறகு ஓர் ஆண்டில் ஒன்பது பத்து சென்டிமீட்டர்கூட உயரம் கூடும். பெண்பிள்ளைகளுக்கு இது ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே நடந்துவிடுவதால், ஏழாம் வகுப்பு வரிசையில் பெண்கள் உயரமாகவும் பையன்கள் அவர்கள் தோளளவிலும் நிற்பார்கள். தாமதமாக வளரும் பையன் இந்த ஆண்டுகளில் படும் பாட்டை நாம் கவனிப்பதில்லை. கபடி அணியில் சேர்க்க மாட்டார்கள், பெயருக்குப் பதில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். அவன் அப்பாவும் கல்லூரிக்குப் போன பிறகே வளர்ந்தவர் என்றால், அதை அந்த அப்பாவே வாய் திறந்து சொல்லட்டும். அதைவிடப் பெரிய ஆறுதல் எங்கள் மருந்துப் பெட்டியில் இல்லை.

குரல் உடைவதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் நம் நாடகக்காரர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடக சபைகளில் சிறுவர்களே ராஜபார்ட், சிறுவர்களே ஸ்திரீபார்ட். பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் அது அவன் பிழைப்பையே தொடும் செய்தி. குரல்வளை பெரிதாகிக் குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் வரும் மாற்றம் அது. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கி நிலைகொள்ளச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஒரு வாக்கியம் பாதாளத்தில் தொடங்கிக் கீச்சென்று முடியும். வகுப்பில் எழுந்து பதில் சொல்லாத பையனுக்குப் பாடம் தெரியாது என்று முடிவுகட்டும் முன் ஆசிரியர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது, வெளியே யாரும் பேசாத ஒன்று. பருவத்தின் நடுக்கட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு மார்புக் காம்பின் அடியில் சிறு கட்டி போலத் தடிக்கும், தொட்டால் வலிக்கும். ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் முழு அளவுக்கு ஏறும்வரை இரண்டுக்கும் இடையிலான விகிதம் தடுமாறுவதால் இது வருகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானே வற்றிவிடும். ஆனால் அந்தப் பையன் அதற்குள் நீச்சலை விட்டிருப்பான், கோயில் குளத்தில் சட்டையைக் கழற்ற மறுத்திருப்பான், உச்சி வெயிலிலும் பனியனுக்கு மேல் தடித்த சட்டை போட்டிருப்பான். தான் பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறோமோ, புற்றுநோயோ என்றெல்லாம் ராத்திரி முழுக்க யோசித்திருப்பான். பத்து வயதில் ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் இவ்வளவும் இல்லை.

இப்போது, பையன்களின் பயத்தை வைத்து ஒரு பெரிய வியாபாரமே நடக்கும் இடத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் ஒரு நாள் தூக்கத்தில் விந்து தானே வெளியேறும். காலையில் கால்சட்டை ஈரமாக இருக்கும். சொல்லி வைக்கப்படாத பையன் சிறுநீர் என்று நினைத்து வெட்கப்படுவான், அல்லது சீழ் என்று நினைத்து நடுங்குவான். துணியை ஒளித்து வைப்பான். நண்பன் ஒருவன், 'ஒரு துளி விந்து நாற்பது துளி ரத்தம்டா' என்பான். பஸ் நிலையச் சுவரில் 'இளமையில் செய்த தவறா?' என்று கேட்கும் விளம்பரம் கண்ணில் படும். மாதத்தின் எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று அதிலேயே போட்டிருக்கும். நள்ளிரவுத் தொலைக்காட்சியில் அதே வைத்தியம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தது. பையன் பெட்டிக்கடை வேலையில் சேர்த்த காசை லேகியத்துக்குக் கொடுப்பான். உடம்பில் நோய் எதுவும் இல்லாததால் மருந்து ஒருநாளும் முடியாது.

விந்தின் பெரும்பகுதி, விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் தரும் திரவம். விந்தணு அதில் மிகச் சிறு பங்கு. ஒருமுறை வெளியேறுவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ரத்தத்தைக் காய்ச்சி விந்து செய்யும் பட்டறை எதுவும் உடம்பில் கிடையாது. வெளியேறியது வெளியேறியதுதான், உடம்பு மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். சுய இன்பத்தால் கண் பார்வை மங்காது, முதுகெலும்பு தேயாது, குறி வளையாது, பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போகாது. அது தனிமையில் இருக்க வேண்டியது, படிப்பையும் தூக்கத்தையும் தின்னும் அளவுக்குப் போகக் கூடாது. நான் பையன்களிடம் சொல்வது இவ்வளவுதான். 

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். லோசான் நகர மருத்துவர் டிஸ்ஸோ 1760இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி ஐரோப்பாவை நெடுங்காலம் பயமுறுத்தினார். நம் நாட்டில், விந்து போவதால்தான் சோர்வும் பலவீனமும் என்று நம்பி வரும் இளைஞர்களின் மனத்துயருக்கு 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத்' நோய்க்குறி என்று பெயர் கொடுத்தார். பாலுறவுச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. சட்டத்துக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சுவர் விளம்பரம் அப்படியே இருக்கிறது. லாட்ஜ் வைத்தியரைப் பிடித்து உள்ளே போடுவது காவல் துறையின் வேலை. அவருக்கு வாடிக்கையாளர் சேராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. ஒரு அப்பா பேச வேண்டியது எவ்வளவு என்று சொல்லிக் காட்டட்டுமா?

"டேய் தம்பி, இன்னும் ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல ராத்திரி தூக்கத்துல வெள்ளையா, பிசுபிசுன்னு வரும். பயப்படாத. எனக்கும் வந்துச்சு, உங்க சித்தப்பாவுக்கும் வந்துச்சு. துணியை அலசிப் போட்டுட்டு ஸ்கூலுக்குக் கிளம்பு."

முடிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வெட்கம் ஓர் உறுப்பையே காவுவாங்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். விரை தன் ரத்தக்குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொள்வது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் அதிகம் வரும். திடீரென்று ஒரு பக்க விரையில் கடும் வலி, வாந்தி, சிலருக்கு அடிவயிற்று வலி. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விரை பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் அகற்ற வேண்டியதுதான். பையன்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எங்கே வலி என்று கேட்டால் 'வயிறு' என்கிறார்கள். அம்மா ஓமத் தண்ணீர் கொடுக்கிறார். காலையில் பார்க்கலாம் என்று படுக்கிறார்கள். காலையில் வந்தால் எங்களால் செய்யக்கூடியது குறைவு. 'விரை வலிக்குது' என்று கூச்சமில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்ட பையனுக்கு அந்த ராத்திரி வேறு மாதிரி முடியும். அடிவயிற்று வலி என்று வரும் பையனைக் கால்சட்டையைக் கழற்றிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று இங்குள்ள இளம் மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

தொடக்கூடாத இடத்தை யாராவது தொட்டால் சொல்லவும் இதே சொற்கள்தான் வேண்டும். நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் பையன்கள். 'ஆம்பளப் புள்ளைக்கு என்ன ஆகிடும்' என்ற வாக்கியத்தை அந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்கிறோம்.

அரசின் முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005இல் வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பண்பாட்டுக்குக் கேடு என்று 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்தின. வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று 2009இல் பரிந்துரைத்தது. 2014 ஜனவரியில் பத்திலிருந்து பத்தொன்பது வயதினருக்கான தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் வந்தது. தாளில் அது நல்ல திட்டம், பையன்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நம் பக்கம், விஜய் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நடத்திய டாக்டர் மாத்ருபூதம் எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. வீட்டுக்கூடத்தில் பேச முடியாத சொற்களைச் சிரித்த முகத்தோடு பேசினார். பலர் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார்கள்.

யார் சொல்வது? அப்பா என்பது எளிய பதில். ஆனால் அப்பா துபாயில் இருக்கலாம், லாரியில் இருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். அம்மா சொன்னால் என்ன குறைந்துவிடும்? காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைக்கும் அம்மா, "இது எல்லாப் பையனுக்கும் வரும் ராசா" என்று சொல்லக் கூடாதா? அவருக்குக் கூச்சமென்றால் தாய்மாமன் இருக்கிறார். அக்கா மகளுக்கு அண்டா குண்டா சுமந்து வருகிற மாமா, மருமகனை ஒருநாள் டீக்கடைக்கு அழைத்துப்போய்ப் பேசினால் அதுவும் சீர்தான்.

பள்ளியில் எனக்குத் தெரிந்து பலன் தருவது கேள்விப் பெட்டி. பெயர் எழுதாத துண்டுச் சீட்டு. முதல் நாள் கிறுக்கல்களும் கெட்ட வார்த்தைகளும் வரும், ஆசிரியர் முகம் சுளிக்காமல் ஓரமாக எடுத்து வைக்க வேண்டும். பிறகு நிஜக் கேள்விகள் வரும். அளவைப் பற்றிய கேள்வி எப்போதும் வரும். கைப்பேசியில் பார்த்த உடம்புகளோடு தன் உடம்பை ஒப்பிட்டுக் குறுகிப்போன பையன் எழுதியது அது. அவை பெரியவர்கள் கூலி வாங்கிக்கொண்டு நடித்த படங்கள், பதின்மூன்று வயதுக்கு அங்கே அளவுகோல் கிடையாது என்று நேராகச் சொல்லலாம். மாதவிடாய் பற்றியும் பையன்கள் கேட்பார்கள், சொல்ல வேண்டும். மாணவிகளுக்கும் பையன்களின் மாற்றங்களைச் சொல்ல வேண்டும். கூச்சமான கேள்விகளுக்குத் தனித்தனி வகுப்பு இருக்கட்டும், அடிப்படைப் பாடத்தைச் சேர்ந்தே கேட்கட்டும். பெஞ்சில் ரத்தக் கறை பட்டால் சிரிப்பது, குரல் உடைந்தவனைப் பார்த்துச் சிரிப்பது, இரண்டுமே தெரியாமையிலிருந்து வருபவை.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பையன்களின் பெற்றோர் இங்கே இருக்கலாம். மனம் மெதுவாக வளர்ந்தாலும் உடம்பு அதன் வயதில்தான் வளரும். அவர்களுக்குச் சீக்கிரமே தொடங்க வேண்டும். படம் காட்டி, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எதை அறைக்குள் செய்ய வேண்டும், எதை வெளியில் செய்யக் கூடாது என்று பழக்க வேண்டும். அடித்துத் திருத்த முடியாது.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த உரையை நீங்கள் அச்சிடப்போவதாகச் சொன்னீர்கள். அதோடு நான்கு பக்கத்தில் ஒரு துண்டறிக்கையும் போடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் புதுப் பள்ளிக்குப் போகிற பையனின் வீட்டுக்கு அது அந்தக் கோடை விடுமுறையில் போய்ச் சேர வேண்டும். ஆறாம் வகுப்பில் பெரிய பையன்கள் வேறு பாடம் நடத்தக் காத்திருப்பார்கள். உள்ளே உடம்பின் வரிசை, அதே வரிசையில். கடைசிப் பக்கத்தில் விரை வலித்தால் உடனே மருத்துவமனை என்ற வரி பெரிய எழுத்தில். அதன் கீழே மருத்துவ ஆலோசனைக்கு 104, யாராவது தொல்லை கொடுத்தால் 1098.

இனி கேள்விகள். கை தூக்கலாம். கூச்சமாக இருந்தால் வாசலில் வெற்றுச் சீட்டும் பென்சிலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன், பெயர் எழுத வேண்டாம். பின்வரிசையில் இடமில்லாமல் நிற்கும் தம்பிகள் முதலில் எழுதட்டும்.